வளர்ந்தபின் ஃப்ரீஸ்டைல்: முகாமா, தனி கோச்சா, யூடியூபா, ஊர்க் கிணறா?

முப்பது, நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் பழகலாம் என்று முடிவெடுத்தவருக்குத் தமிழ்நாட்டில் நாலு வழி இருக்கிறது. கோடையில் அரசு நீச்சல் குளத்தில் நடக்கும் முகாமில் சேரலாம். தனியாக ஒரு கோச் வைத்துக்கொள்ளலாம். வீடியோ பார்த்து, அபார்ட்மெண்ட் குளத்தில் தானே பழகலாம். ஊருக்குப் போய், மாமாவோ சித்தப்பாவோ கூட நிற்க, கிணற்றில் இறங்கலாம். நாலிலும் நீச்சல் வரும். ஃப்ரீஸ்டைல் வருமா என்பது வேறு கேள்வி. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, பக்கவாட்டில் மூச்செடுத்து, மூச்சிரைக்காமல் இரண்டு மூன்று லெங்த் (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு லெங்த்) போகிற அந்த நீச்சலுக்கு எந்த வழியில் காசையும் நேரத்தையும் போடலாம் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நானும் வயது வந்தபின் பழகியவன்தான். இப்போது காலை பேட்சில் புதிதாக வருகிறவர்களோடு ஆழமில்லாத பக்கத்தில் நின்று உதவுவது வழக்கமாகிவிட்டது. அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு.

வழிகளைப் பார்க்குமுன், பெரியவர்களுக்கு இதில் எது கஷ்டம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் கட்டணத்தை மட்டும் ஒப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை.

கஷ்டம் கையில் இல்லை. கையை எப்படிச் சுழற்றுவது என்பதை யாரும் பத்து நிமிடத்தில் கரையில் நின்றே கற்றுக்கொள்ளலாம். உடம்பு படுக்கைவாட்டில் நிற்காததுதான் முதல் சிக்கல். காற்று நிரம்பிய நெஞ்சு மிதக்கும்; இடுப்பும் தொடையும் கனம், அவை இறங்கும். தண்ணீரில் உடம்பு ஒரு தராசு மாதிரி: தலையைத் தூக்கினால் கால் கீழே போகும். பயத்தில் எல்லோரும் முதலில் செய்வது தலையைத் தூக்குவதுதான். கால் இறங்கியதும் உடம்பு சாய்வாக நிற்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. அதை நெஞ்சாலும் தொடையாலும் தள்ளிக்கொண்டே முன்னால் போக வேண்டும். தினமும் ஜிம்முக்குப் போகிறவருக்கும் பத்து மீட்டரில் நாக்குத் தள்ளுவது இதனால்தான்.

இரண்டாவது சிக்கல் மூச்சு. புதிதாகப் பழகுகிறவர் தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். முகத்தைத் திருப்பும்போது வாய் வெளியே இருப்பது அரை விநாடி, மிஞ்சினால் ஒரு விநாடி. அதற்குள் பழைய காற்றை விடவும் வேண்டும், புதுக் காற்றை இழுக்கவும் வேண்டும். முடியாது. நாலு ஸ்ட்ரோக்கில், அதாவது நாலு கைவீச்சில், நெஞ்சு அடைக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அவர் நினைப்பார். உண்மையில் அந்தத் தவிப்பைக் கிளப்புவது வெளியேறாமல் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு. மூக்கு வழியாகத் தண்ணீருக்குள்ளேயே மெதுவாகக் காற்றை விடப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்றாவதாகக் கணுக்கால். பல வருஷம் ஷூ போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பழகிய கால், பாதத்தை நீட்டச் சொன்னால் நீளாது. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து கட்டைவிரலைத் தரையை நோக்கி அழுத்திப் பாருங்கள், எவ்வளவு போகிறது என்று தெரியும். பாதம் கொக்கி போல் நிற்கிறவர் கிக் போர்டை (கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) பிடித்து உதைத்தால் நின்ற இடத்திலேயே நிற்பார். ஓட்டப் பழக்கம் உள்ள சிலர் பின்னாலேயே போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பார்த்து "இன்னும் வேகமா கிக் அடிங்க" என்று கரையிலிருந்து ஒருவர் விசில் ஊதினால் என்ன ஆகும்? தொடைத் தசை உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று. அது இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் தின்றுவிடும்.

ஆகவே எந்த வழியையும் நான் மூன்று கேள்வி வைத்துத்தான் எடைபோடுவேன். உங்கள் மூச்சை யாராவது அருகிலிருந்து பார்க்கிறார்களா? நெஞ்சளவுத் தண்ணீரில் கால் ஊன்றிப் பழக இடம் இருக்கிறதா? பயிற்சி எத்தனை வாரத்துக்குப் பரவியிருக்கிறது?

கோடை முகாம்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் குளங்களில் கோடைதோறும் நீச்சல் கற்றுக்கொள்ளும் முகாம்கள் நடக்கின்றன. பெரும்பாலும் 12 நாள் கட்டங்களாக, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். சென்னையில் வேளச்சேரி நீச்சல் வளாகம் இருக்கிறது. 1995இல் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தபோது கட்டியது. பல மாவட்டத் தலைநகரங்களில் விளையாட்டரங்கத்தை ஒட்டியே குளம் உண்டு. கட்டணம் நாலு வழிகளில் இதில்தான் குறைவு. தண்ணீரைப் பராமரிக்க ஆள் உண்டு, லைஃப் கார்டு உண்டு, தினமும் போயாக வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

குழந்தைகளுக்கு முகாமைவிட நல்ல வழி கிடையாது. பெரியவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு கோச்சுக்குப் பதினைந்து இருபது பேர். முதல் நாள் சுவரைப் பிடித்துக் கிக், அடுத்த நாள் முகத்தை முக்கிக் குமிழி விடுவது, அப்புறம் கிக் போர்டு, அப்புறம் கை. பிள்ளைகள் இந்த வேகத்துக்கு ஈடுகொடுத்துவிடுவார்கள். விழுந்தாலும் தண்ணீர் குடித்தாலும் சிரித்துக்கொண்டே எழுவார்கள். நாற்பது வயதுக்காரருக்குக் குமிழி விடுவதே நாலு நாள் வேலை. அதற்குள் பேட்ச் கைக்குப் போய்விடும். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டே கையைச் சுழற்ற ஆரம்பிப்பார். பன்னிரண்டாம் நாள் குளத்தின் அகலத்தைத் தலையைத் தூக்கியபடி கடந்துவிடுவார்; சான்றிதழும் கிடைக்கும். ஃப்ரீஸ்டைல் மட்டும் வந்திருக்காது. இதைக் கோச்சின் குறையாக நான் பார்க்கவில்லை. இருபது தலைகளில் ஒரு தலையின் மூச்சை எப்படிக் கவனிப்பார்?

இன்னொன்று, பன்னிரண்டு நாளும் அடுத்தடுத்து வருகின்றன. வளர்ந்த உடம்பு ஒரு புது அசைவை இன்று செய்து, ஓரிரு நாள் இடைவெளி விட்டு, மறுபடி செய்யும்போதுதான் அது உள்ளே இறங்குகிறது. தோள் வலி தெளியவும் அந்த இடைவெளி வேண்டும். அதே பன்னிரண்டு மணி நேரத்தை வாரத்துக்கு இரண்டு மூன்று என்று ஒன்றரை மாதத்துக்குப் பரப்பினால் கிடைக்கிற பலன் வேறு.

பெரியவர்களுக்கு மட்டும் தனி பேட்ச் இருக்கும் குளமாக இருந்தால் என் கருத்து மாறும். ஒத்த வயதுக்காரர்கள் நாலு பேர் கூட இருந்தால் கூச்சம் போகிறது, வேகமும் குறைகிறது. பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். பெண்கள் பேட்ச், பெண் கோச் இரண்டும் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பல குளங்களில் பெண்கள் பேட்ச் வேலைக்குப் போகிறவர்கள் வரமுடியாத நேரத்தில் இருக்கிறது. நேரத்தை மாற்றச் சொல்லி நாலைந்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் மாற்றுகிறார்கள்; தயங்காமல் கேளுங்கள்.

தனி கோச்

செலவு அதிகம். ஒரு முகாமுக்குக் கட்டும் காசில் தனி வகுப்பு ஒன்றிரண்டுதான் கிடைக்கும் என்பது பல ஊர்களில் உள்ள நிலவரம். அதனால்தான் பலரும் இதை முதலிலேயே தள்ளிவிடுகிறார்கள். நான் தள்ளவேண்டாம் என்பேன். ஆனால் கோச்சைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பு வேண்டும்.

சேருமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். "நீங்களும் தண்ணீருக்குள் இறங்குவீர்களா?" என்பது முதல் கேள்வி. கரையில் நின்று சொல்லிக்கொடுக்கிறவரால் உங்கள் தலை எந்தப் பக்கம் சாய்கிறது, தண்ணீருக்குள் மூச்சு விடுகிறீர்களா என்பதைப் பார்க்க முடியாது. "முதல் நாள் என்ன செய்வோம்?" என்பது இரண்டாவது. கை சுழற்றுவதையும் கிக்கையும் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். மூச்சு விடுவது, மிதப்பது, மிதந்த நிலையிலிருந்து எழுந்து நிற்பது என்று சொன்னால் அவரை விடாதீர்கள்.

எழுந்து நிற்பது என்றதும் இது என்ன பெரிய வித்தை என்று தோன்றலாம். வயது வந்தவரின் பயத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. குப்புற மிதக்கும்போது, நெஞ்சளவுத் தண்ணீராகவே இருந்தாலும், கால் தரைக்கு எட்டாத ஒரு கணம் உண்டு. எப்படி நிற்பது என்று தெரியாதவர் முதலில் தலையைப் பின்னால் வெட்டித் தூக்குவார்; கால் இன்னும் பின்னால் வழுக்கும்; வாயில் தண்ணீர் போகும். ஒரு தடவை இப்படி ஆகிவிட்டால் அப்புறம் அவர் எதையும் கற்றுக்கொள்ளும் மனநிலையில் இருக்கமாட்டார். நல்ல கோச் இதைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சொல்லித்தருவார். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே முழங்காலை நெஞ்சுக்கு இழுக்க வேண்டும். நீட்டிய கைகளைத் தண்ணீரின் மேலிருந்து கீழே அழுத்த வேண்டும். உடம்பு தானாக நிமிரும். பாதம் தரையைத் தொட்டபின்தான் தலையை எடுக்க வேண்டும். முழங்கால், கை, பாதம், கடைசியில் தலை. இந்த வரிசையைச் சுவர் ஓரத்தில் நாலைந்து தடவை செய்து பார்த்தவரின் முகத்தைக் கவனித்தால் தெரியும், தோள் இறுக்கம் அப்படியே தளர்ந்திருக்கும். "எப்ப வேணாலும் நிக்கலாம்" என்று உடம்பு நம்பிவிட்டால், மிதப்பதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை.

முகாமில் இதற்கு நேரம் ஒதுக்கி நான் பார்த்தது அரிது. தனி வகுப்பின் காசு நியாயமாவது இந்த மாதிரி இடத்தில்தான்.

தனி கோச்சிலும் ஒரு வீண்செலவு உண்டு. பதினைந்து இருபது வகுப்பை மொத்தமாக வாங்கி, தினமும் போய், கோச் எதிரிலேயே பழகுவது. கோச் திருத்தியதை உடம்பில் ஏற்ற நீங்கள் தனியாகச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு அவர் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு வகுப்பு, இடையில் இரண்டு நாள் நீங்களே. இப்படி ஐந்தாறு வகுப்பு போதும். மொத்தமாகத்தான் தருவேன் என்கிறவரிடம் பேரம் பேசிப் பாருங்கள். நல்ல கோச்சுகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

வீடியோவும் அபார்ட்மெண்ட் குளமும்

இதை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. பெரியவர்களுக்கு ஃப்ரீஸ்டைலை எப்படிப் பிரித்துச் சொல்லித்தருவது என்பதில் நல்ல சிந்தனை வீடியோக்களில் இருக்கிறது. அமெரிக்கக் கோச் டெர்ரி லாஃப்லின் 1989இல் தொடங்கிய டோட்டல் இம்மர்ஷன் முறை ஓர் உதாரணம். உதைப்பதையும் இழுப்பதையும் தள்ளிவைத்துவிட்டு, முதலில் உடம்பைச் சமநிலையில் மிதக்கவைப்பது, அடுத்து பக்கவாட்டில் சாய்ந்து வழுக்குவது, அதன்பின் மூச்சு, கடைசியில்தான் முழு ஸ்ட்ரோக் என்று அது போகும். போட்டிக்குத் தயாராகும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது போதாது. நம்மைப் போல் தாமதமாக வருகிறவர்களுக்கு இந்த வரிசை பொருத்தமானது.

குறை என்னவென்றால், வீடியோவுக்கு உங்களைத் தெரியாது. தலை நேராக இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். நிஜத்தில் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இதற்கு ஒரே மருந்து, யாரையாவது கரையோரம் நடந்தபடி செல்போனில் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்வது. மற்றவர்கள் குளத்தில் இருந்தால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். பல குளங்களில் செல்போனுக்கே அனுமதி இல்லை, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் படத்தைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். ஆனால் கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், தலையைத் தாழ்த்தச் சொல்லி யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

வீடியோவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதில் முதன்மையானது மூச்சுக்கு முகத்தைத் திருப்பும் விதம். அதை இங்கேயே விவரித்துவிடுகிறேன். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து நின்று, ஒரு கையை முன்னால் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். முகத்தை வைத்து, "ம்ம்ம்" என்று முனகியபடி மூக்கு வழியாகக் காற்றை விடுங்கள். முனகல் இருக்கும்வரை மூக்கில் தண்ணீர் ஏறாது. இப்போது தோளும் இடுப்பும் சேர்ந்து ஒரு பக்கம் உருளட்டும்; தலை அந்த உருளலோடு போகட்டும், தனியாக எழ வேண்டாம். சரியாகச் செய்தால் காகிள்ஸின் ஒரு கண் தண்ணீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலும் இருக்கும். காது ஊன்றிய கையின் தோளோடு ஒட்டியிருக்கும். வாயின் ஓரம் மட்டும் வெளியே வரும். அந்தச் சின்ன இடைவெளியில் காற்றை உறிஞ்சிக்கொண்டு முகத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோங்கள். இரண்டு கண்ணும் வெளியே வந்து மேற்கூரை தெரிந்தால் அதிகமாகத் திருப்பிவிட்டீர்கள். இதை நின்ற நிலையில் அலுப்புத் தட்டும்வரை செய்தபின்தான் நகர்ந்தபடி செய்ய வேண்டும். மூன்று ஸ்ட்ரோக்குக்கு ஒரு மூச்சு, இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும் என்று பல வீடியோக்கள் சொல்லும். ஆரம்பத்தில் அதைக் கேட்காதீர்கள். வசதியான பக்கத்தில், இரண்டு ஸ்ட்ரோக்குக்கு ஒரு மூச்சு. மறுபக்கத்தைச் சில மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அபார்ட்மெண்ட் குளம் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர்தான். ஸ்ட்ரோக் ஒரு சீருக்கு வருமுன் சுவர் வந்துவிடும். மிதக்கவும் வழுக்கவும் மூச்சுக்கும் அது தாராளமாகப் போதும். அதற்கு மேல் 25 மீட்டர் குளம் தேடித்தான் போக வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்தக் குளங்களில் பெரும்பாலும் லைஃப் கார்டு இருப்பதில்லை. தனியாக இறங்காதீர்கள்; நீந்தத் தெரிந்த ஒருவர் கரையில் இருக்க வேண்டும், அவர் கையில் செல்போன் நோண்டாமல். மூச்சைப் பிடிக்கும் பயிற்சி என்று சொல்லி, வேகவேகமாகப் பல தடவை மூச்சிழுத்துவிட்டு முங்குவதைச் சில வீடியோக்களில் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து, மூச்சுவிடத் தூண்டும் எச்சரிக்கையே வராமல் தண்ணீருக்குள் நினைவு தப்பலாம். நெஞ்சளவுத் தண்ணீரிலும் இது ஆளைக் கொல்லும். ஃப்ரீஸ்டைலுக்கு மூச்சைப் பிடிக்கும் திறமை தேவையே இல்லை.

ஊர்க் கிணறு

கிணற்றில் பழகியவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். இடுப்பில் கயிறு கட்டி இறக்குவது, முதுகில் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ காய்ந்த கற்றாழைத் தண்டோ கட்டிவிடுவது, நாலு நாளில் அதை அவிழ்த்துவிட்டு மேலிருந்து தள்ளிவிடுவது என்று ஊர்தோறும் ஒரு முறை இருக்கிறது. அதில் பழகியவர் ஆழத்தைக் கண்டு மிரளமாட்டார். ஓர் இடத்தில் நின்றபடி மிதப்பது, மல்லாந்து மிதப்பது, முங்கி மண் எடுத்து வருவது எல்லாம் சிறுவயதிலேயே கைவந்திருக்கும். தண்ணீரில் உயிர் பிழைக்க ஃப்ரீஸ்டைலைவிட இவைதான் உதவும்.

நாற்பது வயதில் முதன்முதலாகக் கிணற்றில் இறங்கி ஃப்ரீஸ்டைல் பழகுவதை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கால் ஊன்ற இடமில்லை. ஒரே நேர்க்கோட்டில் போக நீளமில்லை. படிக்கல் பாசி பிடித்திருக்கும், மோட்டார் ஒயர் தொங்கும். கோடையில் தண்ணீர் மட்டம் இறங்கியிருக்கும்போது மேலிருந்து குதிப்பது ஆபத்து. பயந்திருக்கும் பெரியவரைக் கயிற்றில் தூக்குவது பிள்ளையைத் தூக்குவது போல லேசும் இல்லை. கடலைப் பற்றி அதிகம் பேசவேண்டாம்: மெரினாவில் அலையும் அடியிழுப்பும் நல்ல நீச்சல்காரரையே கொண்டுபோகும். பழகும் இடம் அது இல்லை.

ஆனால் சிறுவயதில் கிணற்றில் பழகி, இப்போது நகரத்தில் குளத்துக்கு வருகிறவர் ஒரு தனி ரகம். இவருக்குப் பயம் கிடையாது, மிதப்பும் உண்டு. தலையைத் தூக்கி நீந்தும் பழக்கம் மட்டும் எலும்பில் ஊறியிருக்கும். நேற்று வந்தவர்கள் முகத்தை முக்கிக்கொண்டு தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார். இன்னும் சீக்கிரம் களைப்பார். இவருக்கு முகாம் வேண்டாம். அடிப்படை தெரியும் என்பதால் அங்கே யாரும் இவரைத் திருத்தவும் மாட்டார்கள். இரண்டு மூன்று தனி வகுப்பில், தண்ணீருக்குள் மூச்சு விடுவதையும் தரையைப் பார்த்தபடி நீந்துவதையும் மட்டும் சரிசெய்துகொண்டால் போதும். எல்லோரையும்விட வேகமாக ஃப்ரீஸ்டைல் வருவது இவர்களுக்குத்தான்.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கை முதலில் பழகலாமா?

தவளை போல் கைகால் விரித்து நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கைப் பற்றி இந்தக் கேள்வியை நிறையப் பேர் கேட்கிறார்கள். மூச்சு முன்பக்கம் எடுக்கலாம், எதிரே என்ன இருக்கிறது என்று தெரியும், களைப்பும் குறைவு. 1875இல் இங்கிலாந்துக்காரர் மேத்யூ வெப் இங்கிலீஷ் கால்வாயை ஏறக்குறைய 22 மணி நேரத்தில் கடந்தது இந்த நீச்சலில்தான். ஆனால் அதன் கால் உதை முழங்காலை வெளிப்பக்கம் திருகும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது. தலையைத் தூக்கும் பழக்கத்தையும் அது வளர்த்துவிடும். அப்புறம் ஃப்ரீஸ்டைலுக்கு வரும்போது அதை அழிக்க வேண்டியிருக்கும். ஃப்ரீஸ்டைல்தான் வேண்டும் என்றால் நேராக அதற்கே வாருங்கள். அதற்குமுன் மல்லாந்து மிதக்கப் பழகிவிட்டால், நடுவில் மூச்சு வாங்கினால் திரும்பிப் படுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கும்.

யாருக்கு எது?

தண்ணீர் என்றாலே நடுங்குகிறவர் யோசிக்காமல் தனி கோச்சிடம் போகவேண்டும், நாலு வகுப்புக்காவது. மற்ற எல்லாவற்றையும் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம். பயத்தோடு முகாமில் சேர்ந்து மூன்றாம் நாள் நின்றுவிடுகிறவர்கள் அடுத்து பல வருஷம் குளத்துப் பக்கமே வருவதில்லை. அது காசைவிடப் பெரிய நஷ்டம்.

காசு இறுக்கமாக இருந்தால், முகாமில் சேருங்கள். ஆனால் அதை முழுப் படிப்பாக எண்ணாமல் நுழைவு வாசலாக வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் கைக்குப் போனாலும் நீங்கள் ஓரமாக நின்று குமிழி விட்டுக்கொண்டிருங்கள். கோச்சிடம் மெதுவாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் விட்டுவிடுவார். முகாம் முடிந்தபின் மாதக் கட்டணம் கட்டி வாரத்துக்கு மூன்று நாள் தொடருங்கள். அந்த நாட்களில்தான் உங்களுக்கு நீச்சல் வரப்போகிறது.

ஓட்டம், சைக்கிள், ஜிம் என்று உடம்பு தேறியவருக்கு வீடியோவும் படம் எடுக்க ஒரு நண்பரும் நல்ல தொடக்கம். இவர்களுக்கு எதிரி பலம்தான். மெதுவாக நீந்தச் சொன்னால் கேட்கமாட்டார்கள். கணுக்கால் இறுக்கத்துக்குச் சின்ன ஃபின்ஸ் (பாதத்தில் மாட்டும் துடுப்பு) போட்டுப் பழகுவது உதவும். அதை மாட்டிக்கொண்டால் உதை வேலை செய்யும், மனசு மூச்சில் நிற்கும்.

ஐம்பதைத் தாண்டியவர், தோள் பிடிப்பு உள்ளவர், இதயம் அல்லது ரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். வழி தனி வகுப்புதான். கையை உயரத் தூக்கிச் சுழற்றாமல், உடம்பை உருட்டித் தாழ்வாகக் கொண்டுவரும் விதத்தைச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.

எந்த வழியில் போனாலும் சாமான் அதிகம் வேண்டாம். நைலான் காஸ்ட்யூம், கேப், கசியாத காகிள்ஸ். பருத்தி உடையைப் பல குளங்களில் அனுமதிப்பதில்லை. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் வைத்த காகிள்ஸ் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கத் தயங்காதீர்கள். எதிர்ச் சுவரும் கோச்சின் முகமும் மங்கலாகத் தெரிவதே பலருக்குப் பயத்தில் பாதி. கையில் மாட்டும் காற்றுப் பைகளையும் இடுப்பு டியூபையும் வாங்க வேண்டாம். அவை உங்களை நேராக நிமிர்த்தி நிறுத்தும், ஃப்ரீஸ்டைலுக்கு வேண்டியதோ படுத்த நிலை.

எனக்கு யாராவது நெருங்கிய உறவு வந்து கேட்டால் நான் சொல்வது இந்தக் கலவையைத்தான்: நெஞ்சளவு ஆழமுள்ள குளத்தில் மாதக் கட்டணம், வாரத்துக்கு மூன்று நாள், அதில் ஒரு நாள் கோச்சோடு; ஐந்தாறு வாரத்தில் கோச்சை நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரே ஒரு வகுப்பு. இந்தக் கடைசி வகுப்பை யாரும் எடுப்பதில்லை. ஆனால் முதல் 25 மீட்டரைக் கடந்தபின் ஒரு தேக்கம் வரும். ஒரு லெங்த் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைப்பீர்கள். இரண்டாவது லெங்த் போகவே முடியாது. உடம்பில் தெம்பு இல்லை என்று தோன்றும். அநேகமாக அது வேகம். பாதி வேகத்தில், காலை லேசாக ஆட்டிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் மூச்சை முழுசாக விட்டால் இரண்டு மூன்றாகும், மூன்று ஐந்தாகும். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு வெளிக்கண் வேண்டும்.

எப்போது தொடங்குவது என்பதும் இந்த முடிவில் ஒரு பகுதிதான். ஏப்ரல், மே மாதங்களில் குளம் பிள்ளைகளால் நிரம்பி வழியும். லேன் கிடைக்காது, கோச்சுக்கும் நேரம் இருக்காது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இடி மின்னல் என்றால் குளத்திலிருந்து ஏற்றிவிடுவார்கள். வாரக்கணக்கில் தொடர்ச்சி விட்டுப்போகும். பள்ளிக்கூடம் திறந்தபின் ஜூன் பாதியில் தொடங்கினால் அக்டோபர் வரை நாலு மாதம் தடையில்லாமல் கிடைக்கும். கோச்சுகள் அப்போது கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தும் வருகிறார்கள். மே மாதத்திலேயே ஒரு நாள் குளத்துக்குப் போய், கரையில் உட்கார்ந்து, எந்தக் கோச் தண்ணீருக்குள் இறங்குகிறார் என்று பார்த்துப் பேசி வைத்துவிடுங்கள்.